குமாரி சௌந்தரம், இரண்டாம் பக்கம்

ஜூன் 4, திங்கள். திண்டுக்கல்

காலை ஐந்தே முக்காலுக்குச் சேலத்தை விட்டோம். எண்ணெய், காற்று, ஸ்டெப்னி எல்லாம் நேற்றே பார்த்தாயிற்று. வேனின் பின் இருக்கையைக் கழற்றிவிட்டு அங்கே இரண்டு மரப்பெட்டிகள் வைத்திருக்கிறேன், கிடைக்கும் இசைத்தட்டுகளை நிறுத்தி வைக்க. படுக்க வைத்தால் வெயிலில் வளைந்துவிடும்.

ஓய்வு பெற்று முப்பத்தைந்து நாள் ஆகிறது. பொதுப்பணித் துறையில் முப்பத்து நான்கு வருடம் வரைபடம் வரைந்தேன். பாலமும் மதகும் வரைந்த நாட்களிலும் மனத்தில் இருந்தது இந்தப் பயணம்தான். தெற்கே பழைய சவுண்ட் சர்வீஸ் கடைகளில், கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மைக்செட் கட்டியவர்களிடம், இன்னும் தட்டுகள் சாக்கு சாக்காகக் கிடக்கின்றன.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. 1973இல் வந்த ஏழு அங்குலத் தட்டு. பக்கத்துக்கு ஒரு பாட்டு. பாடியவர் ‘குமாரி சௌந்தரம், வயது 13’ என்று லேபிளில் இருக்கும். இசை அந்தப் பெண்ணின் அப்பா, பண்டிதர் நமசிவாயம். அவரே செலவு செய்து முந்நூறு தட்டுகள் போட்டாராம். இரண்டாம் பக்கத்தில், இரண்டாவது சரணத்தில், இரண்டு சொற்களுக்கு நடுவே குரல் ஒரு கணம் உடையும். கால் நொடிதான். ஒரு விம்மல். அதற்கு முன்னால் ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தம் உண்டு, அச்சில் வந்த குறை. அதையும் தாண்டி அந்த விம்மல் நெஞ்சைப் பிடிக்கும். நாற்பது வருடமாக எவ்வளவோ பேரைக் கேட்டுவிட்டேன், அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. என்னிடம் ஒரு தட்டு இருந்தது. 2004இல் வீணாகிவிட்டது.

அந்த விம்மலைப் பற்றி, தட்டு சேகரிப்பவர்களின் ஃபேஸ்புக் குழுவில் இரண்டு வாரம் முன்பு ஒரு கட்டுரை எழுதினேன். போகப்போகும் எட்டுக் கடைகளின் பட்டியல், புறப்படும் தேதி, என் கைபேசி எண் எல்லாவற்றையும் கீழே கொடுத்திருந்தேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும் என்றுதான். நல்ல வரவேற்பு.

வசந்தாமணி தானாகவே “நானும் வர்றேங்க” என்றாள். எனக்கு ஆச்சரியம். பாட்டுக்கும் அவளுக்கும் தூரம். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “தூத்துக்குடி வரைக்கும் போவோமா?”

தூத்துக்குடி பட்டியலில் இல்லை என்றேன். எங்கள் மகள் ஹம்சா அங்கே இருக்கிறாள். கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை. மூன்று வருடம் முன்பு அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். எனக்கு அப்போது விடுப்பு கிடைக்கவில்லை. வசந்தாமணி மட்டும் போய்வந்தாள்.

பட்டியலில் முதல் கடை இங்கே, திண்டுக்கல்லில். கடைக்காரர் பழைய ஆம்ப்ளிஃபயரைத் துடைத்துக்கொண்டே, “சௌந்தரம் பாட்டா? ஒண்ணு இருந்துச்சு சார். நேத்துத்தான் ஒரு அம்மா வந்து வாங்கிட்டுப் போனாங்க” என்றார்.

நாற்பத்தைந்து வருடம் கிடந்த தட்டு. ஒரே நாளில் தவறவிட்டேன். சரி, தற்செயல்.

ஜூன் 5, செவ்வாய். மதுரை

தற்செயல் இல்லை.

நிலக்கோட்டைக் கடையில் தட்டே இல்லை. ஆனால் “நேத்து ஒரு அம்மா வந்து இதையேதான் கேட்டாங்க” என்றார்கள். மதுரையில் தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் இருக்கும் கடைக்குப் போனபோது மணி மூன்று. ஒன்று இருந்ததாம். நேற்று மாலை போய்விட்டது. யார் என்று கேட்டேன்.

“வயசானவங்கண்ணே. அறுபது இருக்கும். வெள்ளையில கரை போட்ட நூல் சேலை. கையில ஒரு துணிப்பை. பஸ்ல வந்தாக போல, செருப்பெல்லாம் புழுதி.”

“ரெக்கார்டு சேர்க்கிறவங்களா?”

“அப்படித் தெரியல. போட்டுக் காட்டவான்னு கேட்டேன். வேணாம்னுட்டாக.”

வாங்குகிறவர் யாராவது கேட்டுப் பார்க்காமல் வாங்குவார்களா? வியாபாரிகள் அனுப்பிய ஆள் என்றுதான் தோன்றுகிறது. சென்னையில் ஒரு ஆள் இருக்கிறான், இப்படித்தான் மொத்தமாக அள்ளி வெளிநாட்டுக்கு விற்பான்.

வசந்தாமணியிடம் சொன்னேன். “யாரோ ஒரு பொம்பள. அவங்களுக்கும் ஏதாவது இருக்கும்ல” என்றாள். பிறகு லாட்ஜ் வராந்தாவில் நின்று ஹம்சாவோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் போனதும் “அப்புறம் கூப்பிடுறேன் கண்ணு” என்று வைத்துவிட்டாள்.

ரத்த அழுத்த மாத்திரை நான்கு நாளுக்குத்தான் இருக்கிறது. வாங்க வேண்டும்.

ஜூன் 6, புதன். சங்கரன்கோவில்

நீளமான நாள். வரிசையாக எழுதுகிறேன்.

திருமங்கலத்துக் கடை பூட்டியிருந்தது. முதலாளி காலமாகி ஆறு மாதம். பக்கத்துக் கடையில் கேட்டேன், நேற்று ஓர் அம்மாள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினாராம். நான் போகும் வரிசையிலேயே, ஒரு நாள் முன்னால் போகிறார்.

பதினொன்றரை மணிக்கு அருப்புக்கோட்டை. கடைக்காரர் சிக்கந்தர் பாய். கேட்டதும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். உள்ளே போய் ஒரு தட்டை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். குமாரி சௌந்தரம். லேபிளில் சிவப்பு எழுத்து மங்காமல் இருக்கிறது.

“திருப்பிப் பாருங்க” என்றார்.

இரண்டாம் பக்கம் முழுக்கக் கீறல். கைதவறி விழுந்த கீறல் இல்லை. நடுவிலிருந்து விளிம்புவரை, கம்பியை அழுத்தி அழுத்தி இழுத்த கோடுகள். முதல் பக்கத்தில் ஒரு தூசிகூட இல்லை.

“நேத்து ஒரு அம்மா வாங்கினாக. இங்கனயே இந்த ஸ்டூல்ல உக்காந்து, பையில இருந்து குத்தூசிய எடுத்தாக. சாக்குத் தைக்கிற ஊசி இருக்குல்ல, அது. அஞ்சு நிமிசம் கீறுனாக. எங்கிட்டக் குடுத்து, முதப் பக்கம் நல்லா இருக்கு, வேணும்னா வச்சுக்கிடுங்கன்னாக. நான் என்னத்தச் சொல்ல. பைத்தியம்னும் சொல்ல முடியல. நிதானமாத்தான் பேசுனாக.”

நான் அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருக்க வேண்டும். வசந்தாமணி வந்து தோளைத் தொட்டாள்.

வேனில் ஏறிய பிறகுதான் புரிந்தது. அந்த அம்மாளுக்கு என் வழி எப்படித் தெரியும்? நானேதான் சொல்லியிருக்கிறேன். என் பட்டியல். என் தேதி. நான் நான்காம் தேதி புறப்படுவதாக எழுதியதைப் படித்துவிட்டு மூன்றாம் தேதி புறப்பட்டிருக்கிறார்.

அப்படியென்றால் இன்று அவர் சாத்தூரிலும் கோவில்பட்டியிலும். நாளை, பட்டியலில் கடைசியாக இருக்கும் சங்கரன்கோவிலில். அந்தக் கடையில் தட்டு இருப்பதாக எனக்கு முன்பே ஒருவர் சொல்லியிருந்தார். நடுவில் எங்கும் நிற்காமல் போனால் இன்றே போய்விடலாம்.

“சாப்பிட்டுட்டுப் போலாங்க” என்றாள் வசந்தாமணி. போகும் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். சாத்தூரைத் தாண்டியதும் பின்சக்கரம் பஞ்சர். ஜாக்கி ஏறவில்லை. ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து உதவினார். ஒன்றரை மணி நேரம் வெயிலில். வசந்தாமணி கருவேல மரத்தடியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இவ்ளோ வேகமா நீங்க வேற எதுக்கும் போய் நான் பாத்ததில்ல” என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆறே முக்காலுக்குச் சங்கரன்கோவில். கடைக்காரர் சுடலைமுத்து ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.

“என்ன அண்ணாச்சி, இப்படி மூச்சு வாங்குது. உக்காருங்க. தட்டு எங்கயும் ஓடிறாது.”

பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டியை இறக்கினார். அதில் ஏழாவது தட்டு. உறைகூடக் கிழியவில்லை. இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கண்ணாடி.

கிடைத்துவிட்டது.

வசந்தாமணிக்கு இட்லி வாங்கிக்கொடுத்தேன். அவள் இரண்டு சாப்பிட்டாள்.

ஜூன் 7, வியாழன். சங்கரன்கோவில்

காலை ஒன்பது மணிக்குக் கைபேசி அடித்தது. தெரியாத எண். “நீங்கதான் சேலத்துக்காரரா? நான் சௌந்தரம் பேசுறேன். சுடலைமுத்து கடையில நிக்கேன். கொஞ்சம் வர முடியுமா?”

எந்தச் சௌந்தரம் என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

இறந்திருப்பார் என்றுதான் ஏனோ நினைத்திருந்தேன். கட்டுரையிலும் அப்படித்தான் எழுதினேன், ‘காற்றில் கரைந்த குரல்’ என்று. கடை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட ஒரு வயது இளையவர். நான் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். சுடலைமுத்து டீ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வசந்தாமணி என் பக்கத்தில் நின்றாள்.

“நீங்க எழுதினத என் தம்பி மக படிச்சுக் காட்டுனா” என்றார். “கடவுள் ஒரு சிறுமியின் தொண்டைக்குள் வந்து நின்ற கணம்னு எழுதியிருந்தீங்க.”

“ஆமாம்மா.”

“தொண்டைக்குள்ள யாரும் வரல சார். முழங்காலுக்குப் பின்னாடி பிரம்பு வந்துச்சு.”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. தெருவில் போகிற தண்ணீர் லாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“மெட்ராஸ்ல ரெண்டு மணி நேரத்துக்கு ஸ்டுடியோ எடுத்திருந்தாரு எங்கப்பா. மூணு தடவ பாடியாச்சு. உருக்கம் இல்ல, உருக்கம் இல்லன்னுட்டே இருந்தாரு. நாலாவது தடவ எனக்குப் பின்னாடி வந்து நின்னாரு. அந்த வரி வந்ததும் ஒண்ணு வச்சாரு. நான் பாட்ட நிறுத்தல. நிறுத்தியிருந்தா இன்னொண்ணு விழுந்திருக்கும். கண்ணாடிக்கு அங்கிட்டு இருந்த ஆளு கட்டை விரலத் தூக்கிக் காட்டுனாரு, நல்லா வந்திருச்சுன்னு.”

தண்ணீர் லாரி போன பிறகு தொடர்ந்தார்.

“அத்தோட போயிருந்தாக் கூடப் பரவால்ல. தட்டு ஊர் ஊராப் போச்சு. அந்த எடத்தக் கேக்கணும்னே சனங்க கச்சேரிக்கு வந்தாங்க. அதனால ஒவ்வொரு மேடையிலயும், அந்தச் சரணம் வந்தா, எங்கப்பா எனக்குப் பின்னாடி வந்து நிப்பாரு. ஆறு வருசம். பத்தொம்பது வயசுல ஒரு நாள் மேடையில வாயத் தொறந்தேன், சத்தம் வரல. அதுக்கப்புறம் பாடுனதே இல்ல. நான் தையல் வேலைக்குப் போயிட்டேன்.”

டீ வந்தது. அவர் கையில் வாங்கி வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

“எல்லாரும் மறந்துட்டாங்க. நானும் ஒரு மாதிரி மறந்துதான் இருந்தேன். இப்ப நீங்க எழுதி, அதுக்கு முன்னூறு பேரு ஆகா ஓகோங்காங்க. நெட்டுல போடப்போறேன்னும் எழுதியிருக்கீங்க. போட்டா எல்லாரும் கேப்பாங்க. திரும்பத் திரும்ப அந்த எடத்தையே கேப்பாங்க.” அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். “அந்தத் தட்டக் குடுத்துருங்க சார். நீங்க என்ன கேட்டாலும் தர்றேன்.”

நான் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். “அம்மா, நீங்க பட்ட கஷ்டம் வேற. அந்தப் பாட்டு வேற. அது இப்ப உங்களுக்கு மட்டும் சொந்தமில்ல. ரசிகர்களுக்கும் சொந்தம்.”

“பாட்ட வச்சுக்கிடுங்க. முதப் பக்கம் முழுசும் வச்சுக்கிடுங்க” என்றார். “காலு என்னோடது.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஒரு தாளில் கோவில்பட்டி விலாசத்தை எழுதி வசந்தாமணியிடம் கொடுத்தார். என்னிடம் கொடுக்கவில்லை. கிளம்பும்போது வசந்தாமணி அவரைப் பேருந்து நிலையம்வரை கொண்டுவிடச் சொன்னாள். அவர் வேண்டாம் என்று நடந்துவிட்டார்.

ஒரு தகப்பன் கண்டிப்பாக இருந்தால் அதற்காகக் கலையை அழிப்பதா? அந்தக் காலத்தில் யார்தான் அடிக்காமல் சொல்லிக்கொடுத்தார்கள்? என் ஆசிரியரும் அடித்தார். நான் வரைபடம் போடக் கற்றுக்கொள்ளவில்லையா?

வசந்தாமணி இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றாள்.

ஜூன் 8, வெள்ளி. சங்கரன்கோவில்

இன்று புறப்பட்டிருக்க வேண்டும். புறப்படவில்லை.

மதியம் வசந்தாமணி மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். பேட்டரியில் ஓடும் என் சின்ன பிளேயரைக் கட்டில்மேல் வைத்து, தட்டைத் துடைத்து, இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். பதினான்கு வருடம் ஆயிற்று இதைக் கேட்டு.

முதல் சரணம். பிறகு இரண்டாவது. அந்த இடம்.

டப்.

அச்சுக் குறை இல்லை அது.

ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தேன். மறுபடி. நான்கு தடவை கேட்டேன். அந்த அம்மாள் ‘ஒண்ணு வச்சாரு’ என்று சொன்னாரே, அதைத் தட்டு பிடித்துவைத்திருக்கிறது. முதலில் அது, பிறகு விம்மல். அத்தனை வருடமும் இரண்டையும் கேட்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் கேட்டதாக வைத்துக்கொண்டேன்.

பிறகு கைபேசியைப் பக்கத்தில் வைத்து ஒரு நகல் எடுத்தேன். பாதுகாப்புக்காகத்தான். தட்டை என்ன செய்வது என்று முடிவெடுக்கவில்லை. ஒன்று கையில் இருப்பது நல்லது.

நிமிர்ந்தபோது கதவருகே வசந்தாமணி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

“நல்லா ரெக்கார்டு ஆச்சா?” என்றாள்.

மாத்திரையை மேசைமேல் வைத்தாள். கட்டிலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

“கல்யாணத்துக்கு லீவு கெடைக்கலன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்க. நீங்க லீவே கேக்கல. அவ உங்கள வரவேண்டாம்னு சொல்லியிருந்தா. நான்தான் வந்து உங்ககிட்டச் சொன்னேன். மூணு வருசமா நீங்க அந்த லீவுக் கதைய எனக்கே சொல்றீங்க. நானும் கேட்டுட்டு இருக்கறேன்.”

பிறகு 2004இல் நடந்ததைச் சொன்னாள். ஒன்றையும் விடாமல், வரிசையாக. அவள் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. “நான் அடுப்படியில நின்னேன். கேட்டுட்டுத்தான் நின்னேன். எனக்கும் அதுல பங்கு இருக்குது” என்று முடித்தாள்.

அவள் சொன்னதை இங்கே எழுதவில்லை.

ஜூன் 9, சனி. சங்கரன்கோவில்

துவைத்த சட்டைகள் காயவில்லை. வேறொன்றும் இல்லை.

ஜூன் 10, ஞாயிறு. கோவில்பட்டி

காலையில் வசந்தாமணி பையைக் கட்டிவிட்டாள். “நீங்க எங்க வேணா போங்க. நான் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறறேன்” என்றாள்.

கோவில்பட்டி வழியாகப் போகலாம், அங்கே ஒரு வேலை இருக்கிறது என்றேன். அவள் அந்த விலாசத் தாளை எடுத்து டாஷ்போர்டில் வைத்தாள். எங்கே திரும்ப வேண்டும் என்பதைத் தவிர வழியில் பேச்சே இல்லை.

சௌந்தரம் அம்மாளின் வீடு ஒரு சந்தின் கடைசியில். முன்னறையில் தையல் மிஷின், அதன்மேல் பாதி தைத்த பாவாடை. தட்டை உறையோடு நீட்டினேன். நன்றி என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது.

மிஷின் பலகைமேல் தட்டை வைத்தார். குத்தூசியை எடுத்தார். முதல் கோடு இழுக்கும்போதே தட்டு வழுக்கி நகர்ந்தது. அரக்குத் தட்டு என்றால் கீழே போட்டால் போதும், நொறுங்கிவிடும். இது வினைல். வளையும், நழுவும், லேசில் விடாது. இரண்டாம் தடவையும் நழுவியது. அவர் மணிக்கட்டு வீங்கியிருப்பதை அப்போதுதான் பார்த்தேன். ஐந்து ஊர்களில் கீறிய கை.

நான் இரண்டு கையாலும் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஒரு தட்டைப் பிடிக்க வேண்டிய முறை அதுதான், விளிம்பை மட்டும், விரல் படாமல். அவர் கீறினார். நடுவிலிருந்து விளிம்புக்கு. கருப்புத் தூள் என் கட்டை விரல்மேல் விழுந்தது. எத்தனை கோடு என்று எண்ணவில்லை. வசந்தாமணி மின்விசிறியை நிறுத்தினாள், தூள் பறக்காமல் இருக்க.

முடிந்ததும் அவர் கேட்டார்: “வேற எங்கயும் இருக்கா சார்? நகல் கிகல்?”

“இல்லம்மா” என்றேன்.

கைபேசி சட்டைப் பையில் இருந்தது. வசந்தாமணி என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லியிருக்கலாம்.

தட்டைத்தான் கேட்டார், தட்டு இல்லை, அந்த அளவில் நான் சொன்னது பொய் அல்ல என்று வாசலில் செருப்பு மாட்டும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுதிப் பார்த்தால் எப்படி இருக்கிறது என்று தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

மாலையாகிவிட்டது. இங்கேயே ஒரு லாட்ஜில் தங்கல். நாளை காலை தூத்துக்குடி. வசந்தாமணி பஸ் ஏறவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 11, திங்கள். தூத்துக்குடி

எட்டயபுரம் தாண்டி, இரண்டு பக்கமும் கரிசல் தவிர ஒன்றும் இல்லாத இடத்தில் வேனை ஓரம் கட்டினேன். கைபேசியை எடுத்து அந்தப் பதிவை அழித்தேன். அழித்தது இன்னொரு இடத்தில் முப்பது நாள் கிடக்குமாம். அங்கேயும் போய் அழித்தேன். குழுவில் போட்ட கட்டுரையை எடுத்தேன். பிறகு அவரைக் கூப்பிட்டேன்.

“அம்மா, நேத்து பொய் சொன்னேன். போன்ல ஒரு நகல் வச்சிருந்தேன். இப்ப அழிச்சுட்டேன்.”

தையல் மிஷின் ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு அது நின்றது.

“இப்ப நீங்க சொல்றத நான் நம்பணும். அப்படித்தான?” என்றார்.

“ஆமாம்மா.”

“சரி” என்றார். வைத்துவிட்டார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது.

வசந்தாமணி கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். “எழுதறீங்கல்ல தெனமும். அதையும் எழுதுங்க” என்றாள்.

எழுதுகிறேன். 2004, ஹம்சாவுக்குப் பதினான்கு வயது. நல்ல குரல். சௌந்தரத்தின் பாட்டை அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். எல்லாம் வந்தது, அந்த விம்மல் மட்டும் வரவில்லை. தட்டைப் போட்டுப் போட்டுக் காட்டினேன். வரவில்லை. ஒரு நாள் என் அலுவலக மர அடிஸ்கேலால் தொடையில் அடித்தேன். அழுதுகொண்டே பாடினாள், அப்படியே வந்தது. அதன்பிறகு தினமும் அப்படித்தான். மூன்று மாதம். நான் கேட்காமலே அவள் பாவாடையைச் சற்று ஒதுக்கிக்கொண்டு உட்காருவாள், சீக்கிரம் முடியட்டும் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வெளியே போயிருந்தபோது என் தட்டை எடுத்துத் தகரம் வெட்டும் கத்தரியால் நான்காக வெட்டி என் மேசைமேல் வைத்திருந்தாள். ‘வீணாகிவிட்டது’ என்று இந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

பண்டிதர் நமசிவாயத்துக்கு உருக்கம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். அவர் செய்தது எனக்குத் தெரியாமலே அதே வழியைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

பதினொரு மணிக்கு ஹம்சா குடியிருக்கும் கட்டடத்துக்கு வந்தோம். இரண்டாம் மாடி. வசந்தாமணி மட்டும் மேலே போனாள். நான் வேனில் இருந்தேன். கதவைத் திறந்து வைத்திருந்தும் உள்ளே அனல். உப்புக்காற்று. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. போய்விடலாமா என்று இரண்டு தடவை சாவியைத் தொட்டேன்.

ஹம்சா இறங்கி வந்தாள். மெலிந்திருக்கிறாள். அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்பு சொல்லியிருக்கிறாள் போல, கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. வேனுக்கு இரண்டு முழம் தள்ளி நின்றாள்.

“அம்மா சொன்னாங்க” என்றாள்.

“அடிச்சேன்” என்றேன். “அழ வச்சாத்தான் அது வரும்னு தெரிஞ்சே அடிச்சேன்.”

“தெரிஞ்சேதான்” என்றாள். “ஒவ்வொரு தடவையும் அது சரியா வந்ததும் நீங்க சிரிப்பீங்க. ‘இப்ப வந்துச்சு பாரு’ன்னு. அடிகூட மறந்துருச்சு. அந்தச் சிரிப்புதான்.”

அது எனக்கு ஞாபகம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஞாபகம் இருக்கிறது.

“ஆமா. சிரிச்சேன்” என்றேன்.

அவள் தலையசைத்தாள். யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். ஒதுங்கி வழிவிட்டாள்.

“இன்னைக்கு மேல வரவேண்டாம். என்னால முடியாது.”

“சரிம்மா.”

“அம்மா ஒரு வாரம் இங்க இருக்கட்டும்.”

“இருக்கட்டும்.”

“சேலம் வரைக்கும் ஒத்தையில ஓட்டிருவீங்களா?”

“ஓட்டிருவேன்.”

“போய்ச் சேந்ததும் அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிருங்க.” திரும்பி நடந்தாள். படிக்கட்டுவரை போனவள் நின்றாள். அங்கிருந்தே கேட்டாள்: “என் நம்பர் இருக்கா உங்ககிட்ட?”

இல்லை என்றேன். திரும்பி வந்து கையை நீட்டினாள். கைபேசியைக் கொடுத்தேன். எண்ணைப் போட்டு, பெயரைப் போட்டு, என் கையில் படாமல் இருக்கையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 12, செவ்வாய். சேலம்

நேற்று மதுரையில் தங்கி இன்று மதியம் இரண்டே காலுக்கு வீடு சேர்ந்தேன். காலையில் யாரும் எடுக்காமல் பால் பாக்கெட் வாசலில் வெடித்திருந்தது. கழுவிவிட்டேன். கை கால் கழுவினேன். பிறகுதான் ஹம்சாவைக் கூப்பிட்டேன். நான்கு முறை மணி அடித்தது. எடுத்தாள்.

“வந்துட்டேன்” என்றேன்.

“சரி” என்றாள்.

அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவள் பக்கத்தில் குக்கர் விசில் அடித்தது. தூரத்தில் வசந்தாமணி எதையோ கேட்டாள், ஹம்சா வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்றாள். ஒரு நாற்காலியை இழுக்கும் சத்தம். இரண்டாவது விசில். நான் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை.

மூன்றாவது விசிலுக்கு, “அடுப்ப அணைக்கணும்” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.